சூசை என்றால் நாலு தலை திரும்பும்

எங்கள் தெருவில் நின்று "ஏ சூசை!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், நாலு வாசலில் தலை தெரியும்; கரையில் வலை காயப் போட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள்; கோயில் மதிலோரம் கோலி விளையாடும் கூட்டத்திலிருந்து ஒரு பொடியன் "என்னையா?" என்பான். அதனால் யாரும் யாரையும் வெறும் சூசை என்று கூப்பிடுவதில்லை. நெட்டைச் சூசை, கருத்தச் சூசை, கோயில் மணியடிக்கிற மணிச் சூசை, கொழும்பில் கடை வைத்துவிட்டுத் திரும்பிய கொழும்புச் சூசை, அவர் மகன் கொழும்பைக் கண்ணால் பார்த்திராதவன் என்றாலும் சின்னக் கொழும்பு. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற கடலோரப் பாதையில் இருக்கிறது எங்கள் ஊர். உள்நாட்டில் பிறந்த உங்களுக்கு அந்தப் பெயர் சூசையாக இருந்திருக்காது. சுடலையாகவோ முருகனாகவோ முனியாண்டியாகவோ மொய்தீனாகவோ இருந்திருக்கும். ஆனால் ஒரே பெயரை ஒரு தெருவே பங்கு போட்டுக்கொண்டு வாழ்ந்த காலம் உங்களுக்கும் இருந்திருக்கும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், அந்த அடைமொழிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும்.

என் தாத்தாவும் சூசை. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது வழக்கம், ஆகவே நானும் சூசை. ஞானஸ்நானம் கொடுத்த கையோடு பங்குச் சாமியார் கோயில் பதிவேட்டில் என்னை லத்தீனில் யோசேஃபுஸ் என்று எழுதிவைத்தார். அந்தக் காலத்தில் அதுதான் முறை. தவழத் தொடங்குவதற்கு முன்பே எனக்கு இரண்டு பெயர்.

இந்தப் பெயரால் எங்கள் வீட்டில் சங்கடப்பட்டவர் பாட்டி ஒருவர்தான். புருஷன் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை அது. சாயங்காலம் செபமாலை முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து "சேசு மரி சூசை" என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டு பெயர்களையும் பாட்டி கணீரென்று சொல்வார், மூன்றாவது வரும்போது குரல் இறங்கி, முனகலாகி, முந்தானைக்குள் போய்விடும். பிள்ளைகள் நாங்கள் அந்த இடத்துக்காகவே காத்திருந்து, ஒரு கண்ணை மட்டும் திறந்து அவர் உதட்டைப் பார்ப்போம். கடிதம் எழுதச் சொல்லி என்னை உட்காரவைக்கும்போதும் அப்படித்தான். கடிதத்தின் தலையில் அந்த மூன்று பெயர்களையும் எழுதாமல் அந்த நாளில் எங்கள் ஊரில் யாரும் ஒரு வரி எழுதமாட்டார்கள். "மேல எழுத வேண்டியத எழுதிக்கிட்டியா?" என்று கேட்பாரே தவிர, அது என்ன என்று சொல்லமாட்டார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் அவருக்கு வழியில்லை. கொஞ்சும்போது ராசா, கோபம் வந்தால் "ஏலே இவனே". தாத்தா பெயர் வைத்த பிள்ளையை வைவது தாத்தாவையே வைவது என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார், அந்த நம்பிக்கையின் நிழலில் நான் சுகமாக வளர்ந்தேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார், "சூசைன்னா இங்கிலீஷ்ல ஜோசப்" என்று சொல்லிப் பதிவேட்டில் ஜோசப் என்று எழுதினார். மூன்றாவது பெயர். அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு ஓடிவந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அந்த ஜோ என்கிற எழுத்தில் ஒரு பட்டணத்து மினுக்கம் இருந்தது. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து வலைக்கண் பார்த்துக்கொண்டிருந்தவர், "யாருலே அந்த சோசப்பு? நம்ம குடும்பத்துல அப்படி யாரும் கெடையாதே" என்றார். பாட்டிதான் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். ஜோசப் வேறு பெயர், தன் வீட்டுக்காரருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். அடுப்படியிலிருந்து கடற்கரை வரைக்கும் கேட்கும்படி "ஏலே சோசப்பூ!" என்று அவர் கூப்பிட்ட முதல் கூப்பாட்டில், அத்தனை வருஷமாகப் பேரன் பெயரைச் சொல்ல முடியாமல் அடக்கிவைத்திருந்த ஆசை முழுக்க இருந்தது. நாட்டில் இங்கிலீஷ் வந்ததால் என்னென்னவோ போயிற்று என்று பேசுகிறோம், நானும் பேசுகிறேன். எங்கள் பாட்டிக்கு அது ஒரு பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமையைக் கொடுத்தது.

பதிவேடு ஒரு பெயரும் தாய்மடி ஒரு பெயருமாக வளர்வது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததல்ல என்பது, பெரியவனாகிக் கப்பலுக்குப் போன பிறகு, ஜெனோவா துறைமுகத்தில் எனக்குத் தெரிந்தது. சரக்குக் கப்பல், எனக்கு எஞ்சின் அறையில் வேலை. அந்தக் காலத்தில் ஒரு துறைமுகத்தில் கட்டினால் மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்றி முடிக்க நாள் கணக்கில் ஆகும், நாங்கள் கரையில் இறங்கி ஊர் சுற்றுவோம். அங்கே எங்கள் மோட்டாரைப் பழுது பார்க்க வந்த மின்வேலைக்காரர் என் பெயரைக் கேட்டுவிட்டு, தன் நெஞ்சைத் தட்டி "ஜியுசெப்பே! பெப்பே!" என்றார். முழுப்பெயர் ஜியுசெப்பே, கூப்பிடுவது பெப்பே. தெற்கே போனால் அதையே பெப்பினோ என்பார்களாம். அந்த உறவில் என்னை ஊருக்குள் கூட்டிக்கொண்டு போய், நாடகசாலைக்கு முன்னால் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிற கரிபால்டி சிலையைக் காட்டி, அவரும் ஜியுசெப்பே என்றார். 1805-இல் அதே ஜெனோவாவில் பிறந்த மாஜினியும் ஜியுசெப்பே. நம் பாரதியார் பாட்டில் வருகிற மாஜினிதான். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாட்டைப் படித்தபோது அதற்குள் ஒரு சூசை உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கரிபால்டி 1807-இல் நீஸ் நகரத்தில் பிறந்தபோது அங்கே நடந்தது பிரெஞ்சு ஆட்சி, அதனால் பதிவேட்டில் ஜோசப் என்றுதான் எழுதினார்கள். இசைமேதை வெர்டி 1813-இல் பார்மா பக்கத்து ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்தார். அங்கேயும் நெப்போலியன் ஆட்சி, அங்கேயும் பிரெஞ்சுக் குமாஸ்தா, அவரும் ஜோசப். இத்தாலி என்றால் முதலில் நினைவுக்கு வருகிற இரண்டு ஜியுசெப்பேகள் பிரெஞ்சுக் காகிதத்தில் ஜோசப்புகளாகப் பிறந்திருக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்கு எங்கள் வாத்தியார்மேல் ஒரு தனி வாஞ்சை வந்தது.

ஆனால் கப்பலுக்குப் போய்த்தான் இந்தப் பெயரின் சுற்றத்தைத் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் எங்கள் தெருவுக்குச் செய்கிற அநியாயம். அங்கேயே பாதிச் சுற்றம் இருந்தது. காயல்பட்டினத்திலிருந்து சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு வருகிற யூசுப் காக்கா. பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை போட்டிருந்த மலையாளத்து ஔசேப்புச் சேட்டன். பக்கத்து ஊர் சி.எஸ்.ஐ. பள்ளிக்கூடத்து யோசேப்பு வாத்தியார். நாலு பேரும், அதாவது என் தாத்தாவையும் சேர்த்து, ஒரு சாயங்காலம் ஔசேப்புச் சேட்டன் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், நாலு பேருக்கும் ஒரே பெயர் என்பது அவர்களுக்கும் தெரியும், கடைக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும், அதை யாரும் பெரிதாக எடுத்துப் பேசவும்மாட்டார்கள்.

யூசுப் காக்கா வந்தால் பெண்கள் துணி பார்ப்பார்கள், நாங்கள் கதை கேட்போம். எகிப்துக்கு விற்கப்பட்ட யூசுப் நபியின் கதை. கோயிலில் உபதேசியாரும் அதே கதையைச் சொல்லியிருப்பார். ஆனால் உபதேசியார் கதையில் எஜமானன் மனைவி கையில் அவருடைய மேலங்கி சிக்கிக்கொள்ளும், அதைக் காட்டியே அவள் பழி சுமத்துவாள். காக்கா சொல்கிற கதையில் சட்டை முன்பக்கம் கிழிந்திருக்கிறதா பின்பக்கம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள், பின்பக்கம் கிழிந்திருந்தால் ஓடியவர் அவர், பிடித்து இழுத்தவள் அவள். அந்தத் துப்பறியும் சாமர்த்தியத்தில் நாங்கள் சொக்கிப்போனோம். அவருடைய அழகைப் பார்த்த பெண்கள் பழம் நறுக்குகிற கத்தியால் கையை வெட்டிக்கொள்கிற இடமும், கடைசியில் அவருடைய சட்டையை முகத்தில் போட்டதும் தகப்பனாருக்குப் பார்வை திரும்புகிற இடமும் காக்கா சொல்லித்தான் கேட்க வேண்டும். குர்ஆனில் பன்னிரண்டாவது அத்தியாயத்துக்கே யூசுப் என்று பெயர், 111 வசனங்கள், அந்த ஒரே மனிதரின் கதைதான் அதில் விரிகிறது என்பதையெல்லாம் பின்னால் படித்தேன். பாரசீகத்தில் ஜாமி அதை 1483-இல் யூசுப் சுலைகா என்று காவியம் ஆக்கினார். தமிழில் சாரணபாஸ்கரன் காப்பியம் ஆக்கினார். மதுரையை ஆண்டு 1764-இல் தூக்கிலிடப்பட்ட மருதநாயகம் என்கிற கான்சாகிபு முகம்மது யூசுப் கான் என்பதால், அந்தக் கதையும் காக்காவின் மூட்டையில் இருந்தது.

எகிப்துக்குப் போன சூசை வேறு, தச்சுவேலை செய்த சூசையப்பர் வேறு என்று உபதேசியார் எத்தனை தடவை சொன்னாலும் எங்கள் மண்டையில் ஏறாது. ஏறாததற்கு நியாயமும் இருந்தது. இரண்டு பேருக்கும் தகப்பன் பெயர் யாக்கோபு என்கிறது வேதம். இரண்டு பேரும் கனவு கண்டவர்கள். இரண்டு பேரும் எகிப்துக்குப் போனவர்கள். மூத்தவர் நிறையப் பேசுகிறார், கனவுகளுக்குப் பலன் சொல்கிறார், அழுகிறார், அண்ணன்மாரைக் கட்டிப்பிடிக்கிறார். இளையவர் சுவிசேஷம் நாலிலும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. எனக்கு ஏனோ அந்தப் பேசாத தச்சரைத்தான் பிடிக்கும். என் தாத்தாவும் அதிகம் பேசாதவர்.

முதல் சூசைக்குப் பெயர் வைத்த கதையைப் படித்தபோது எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, அதனால் அது வேறு விதமாகத் தைத்தது. ராகேல் பிள்ளையில்லாமல் வருஷக்கணக்கில் ஏங்கி, கடைசியில் ஒரு மகனைப் பெற்று, கர்த்தர் இன்னொன்றும் கூட்டித் தரட்டும் என்று சொல்லி அவனுக்கு யோசேப்பு என்று பெயர் வைக்கிறாள். எபிரேயத்தில் அந்தப் பெயரே கூட்டித் தருவதைக் குறிக்கிறது. கையில் ஒரு குழந்தையை ஏந்திக்கொண்டே அடுத்ததற்கு விண்ணப்பம் போட்ட தாய்! அந்த விண்ணப்பம் பலித்தது. பென்யமீன் பிறந்தான், அவனைப் பெற்ற வலியிலேயே ராகேல் வழியில் செத்துப்போனாள். எங்கள் தெருவில் இத்தனை சூசைகளைக் கூப்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? தெரியாமலே அந்தத் தாயின் ஆசையைத் தினம் நூறு தடவை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இதைத் தெரிந்துவைத்திருந்த ஒருவர் எங்களுக்கு வெகுகாலம் முன்பே தமிழ்நாட்டில் நடமாடினார். இத்தாலியில் காஸ்திலியோனேயில் 1680-இல் பிறந்த கொஸ்தான்ஸோ ஜியுசெப்பே பெஸ்கி, நம் வீரமாமுனிவர். தம்முடைய முதல் பெயரைத் தமிழாக்கித் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். இரண்டாவது பெயர் ஜியுசெப்பே, அதையும் தமிழாக்கினார், ஆனால் தமக்கு வைத்துக்கொள்ளவில்லை. தேம்பாவணியின் நாயகனுக்குக் கொடுத்துவிட்டார். வளன். கூடுவது, பெருகுவது, வளர்வது எல்லாம் அந்த மூன்று எழுத்தில் அடங்கிவிட்டது. 1726-இல் முடித்த அந்தக் காப்பியம் 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். சுவிசேஷத்தில் வாயே திறக்காத தச்சரை நாயகனாக வைத்து, அயல்மொழி ஒன்றில் இத்தனை பாடல் எழுத ஒருவருக்கு எவ்வளவு பிரியம் இருந்திருக்க வேண்டும்! நாகப்பட்டினத்தில் 1844-இல் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு மாறிய செயின்ட் ஜோசப் கல்லூரியைத் தூய வளனார் கல்லூரி என்று சொல்வது அந்த வழியில் வந்ததுதான். ராமேசுவரத்திலிருந்து போய் அங்கே படித்த அப்துல் கலாமும், எழுத்தாளர் சுஜாதாவும் வளனார் பிள்ளைகள்தாம். ஆனால் வளன் என்ற பெயர் படித்தவர்கள் வாயில் இருந்தது. கட்டுமரம் தள்ளுகிறவர்கள் வாயில் சூசைதான்.

அந்தச் சூசை எங்கிருந்து வந்தது என்பதை நான் காதாலேயே கண்டுபிடித்தது லிஸ்பனில். கப்பல் தேஜோ ஆற்றுமுகத்தில் கட்டியிருந்தது. மேடும் பள்ளமுமாக ஏறிப்போகிற அல்ஃபாமா சந்துகளில் மத்தியானம் சும்மா நடந்துகொண்டிருந்தேன். சன்னலுக்குச் சன்னல் துணி காய்கிறது, எங்கோ மீன் சுடுகிற வாசனை. மேல்மாடிச் சன்னலிலிருந்து ஒரு கிழவி தெருவில் பந்தடிக்கிற பையனைப் பார்த்து "ஜுஸே!" என்று கத்தினாள். நான் நின்றுவிட்டேன். ஸ்பெயினில் அதே எழுத்துகளைத்தான் ஹொஸே என்று தொண்டையிலிருந்து சொல்வார்கள், அது எனக்குப் பழக்கம். போர்த்துகீசிய வாயில் அது ஜுஸே. முதலெழுத்தில் உகரம், கடைசி எழுத்தில் அழுத்தம். தமிழில் அதை எப்படி வாங்கிக்கொள்வோம்? சூசை என்றுதானே! 1530-களில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துகீசியரும், 1542-இல் வந்த பிரான்சிஸ் சேவியருக்கு முன்னும் பின்னும் வந்த குருமாரும் உச்சரித்த ஒலியை எங்கள் முப்பாட்டன்மார் காதில் வாங்கி, அப்படியே கெடாமல் என் தாத்தா வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். எழுத்தில் பார்த்துப் படித்திருந்தால் அது ஜோசே ஆகியிருக்கும். கொழும்புச் சூசை தன்னை அங்கே சிங்களவர்கள் ஜுசே என்று கூப்பிடுவார்கள் என்று சொன்னது அந்தச் சந்தில்தான் எனக்கு விளங்கியது. அதே போர்த்துகீசியர், அதே நூற்றாண்டு. பிற்பாடு ஹைபோங் துறைமுகத்தில், வியட்நாமியக் கத்தோலிக்கர்கள் எழுத்தில் ஜியுசே என்று எழுதி வடக்கத்தியார் வாயில் கிட்டத்தட்ட ஸூசே என்று சொல்வதைக் கேட்டபோது நான் ஆச்சரியப்படவில்லை, சொந்தக்காரரைக் கண்ட சந்தோஷம்தான். அங்கேயும் முதலில் போன பாதிரிமாரில் போர்த்துகீசியர் பலர் உண்டு.

இப்படித் துறைமுகம் துறைமுகமாக என் பெயர் எனக்கு முன்னால் போய்க் காத்திருந்தது. போலந்தில் கிடீனியாவில் கிரேன் ஓட்டியவர் தன் பெயரை யூசெஃப் என்று சொன்னபோது காயல்பட்டினத்துச் சைக்கிள் மணி கேட்டது. ஜோசப் கான்ராட் அந்த நாட்டுக்காரர், யூசெஃப் தியோடோர் கான்ராட் கொர்ஜெனியோவ்ஸ்கி, 1886-இல் பிரிட்டிஷ் கப்பல்களுக்குத் தலைவராகும் சான்றிதழ் வாங்கிய மாலுமி, எங்கள் தொழில்காரர். ஜெர்மன்காரர் யோசெஃப்பைச் சுருக்கினால் செப், செக் நாட்டில் பெப்பா, ஸ்பெயினில் பெப்பே, கட்டலோனியாவில் பெப், போர்ச்சுகலில் ஸே. ஆர்மீனியாவில் ஹொவ்செப், அயர்லாந்தில் ஷோசவ். சீனாவில் ஒரு வேடிக்கை: கத்தோலிக்கர்கள் ருவோஸ என்கிறார்கள், புராட்டஸ்டண்டுகள் யுவேஸ என்கிறார்கள். கத்தோலிக்கருக்குச் சூசை, புராட்டஸ்டண்டுகளுக்கு யோசேப்பு என்கிற எங்கள் ஊர்ச் சண்டையைக் கடல் தாண்டியும் போட்டிருக்கிறார்கள்.

ரஷ்யப் பேச்சில் அது ஒசிப். ஒசிப் மண்டெல்ஷ்டாம் என்கிற கவிஞர் 1933-இல் ஸ்டாலினைப் பற்றி ஒரு கவிதை சொன்னார். அதற்காக 1934-இல் கைதானார், 1938-இல் மறுபடி கைதாகி அந்த டிசம்பரில் விளாதிவஸ்தோக் பக்கத்து முகாமில் இறந்தார். அந்தக் கவிஞர் பிறந்தபோது வைத்த பெயர் யோசிஃப். ஸ்டாலின் பெயரும் யோசிஃப். ஜார்ஜியாவில் தாய் அவரைச் செல்லமாகக் கூப்பிட்டது சோசோ என்று. பெயர் ஆளைத் திருத்தும் என்று சொல்லும் பெரியவர்களை மறுத்துப் பேச எனக்கு மனம் வராது, ஆனாலும் இதைப் படித்த அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஸ்டாலின் என்று அவர் தானே சூட்டிக்கொண்ட பெயர் மட்டும் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. 1953 மார்ச்சில் அவர் இறந்தபோது, அந்த மாதம் பிறந்த தம் மகனுக்குக் கருணாநிதி அதைச் சூட்டினார்.

மார்ச் என்றால் எங்களுக்குச் சூசையப்பர் வணக்க மாதம். 19-ஆம் தேதி திருநாள். சப்பரம் தெருவுக்குள் வரும்போது ஒவ்வொரு சூசை வீட்டு முன்னும் நிற்கும், ஆகவே அது தெருவைக் கடப்பதற்குள் நள்ளிரவாகிவிடும். 1955-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் தேதியைத் தொழிலாளரான சூசையப்பர் திருநாளாக அறிவித்ததும் எங்களுக்கு வருஷத்தில் இரண்டு திருநாள் ஆயிற்று. துறைமுகத் தொழிலாளர்கள் காலையில் பூசைக்கு வந்துவிட்டுச் சங்கத்து ஊர்வலத்துக்குப் போவார்கள்.

இப்போது சப்பரம் விளக்கு வெளிச்சத்தில் ஜொலிக்கிறது, ஜெனரேட்டர் கூடவே வருகிறது, ஆனால் நிற்பதற்குச் சூசை வீடுகள் இல்லை. அர்ச்சியசிஷ்ட என்று நாக்கு சுழன்று சொன்னதெல்லாம் போய்ப் புனித ஆயிற்று. 1995-இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து விவிலியத்துக்குப் பொது மொழிபெயர்ப்பு கொண்டுவந்தபோது எங்கள் பீடத்திலும் யோசேப்பு என்று வாசிக்கத் தொடங்கினோம். யோசேப்பு வாத்தியார் உயிரோடு இருந்திருந்தால் எங்கள் தெருவுக்கே மிட்டாய் வாங்கிக்கொடுத்திருப்பார். ஒரே வேதத்தை இரண்டு பெயரில் வாசித்துப் பிள்ளைகள் கல்லெறிந்துகொண்ட காலம் முடிந்ததில் எனக்கு மெய்யான நிம்மதி உண்டு. அதோடு பலிபீடத்திலிருந்து கேட்கிற அந்த ஜுஸே ஒலியும் முடிந்தது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன்.

கப்பலும் மாறிவிட்டது. எல்லாம் கண்டெய்னர், காலையில் கட்டினால் ராத்திரிக்குள் கிளம்பிவிடும். கப்பலில் இருக்கிற எங்கள் ஊர்ப் பையன்கள் கரை இறங்காமலே துறைமுகங்களைக் கடந்துபோகிறார்கள். சம்பளம் நாங்கள் வாங்கியதைவிடப் பல மடங்கு, தினமும் வீட்டு முகத்தைப் போனில் பார்த்துப் பேசுகிறார்கள். பாட்டி செத்த செய்தி எனக்குத் தந்தியாக வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து நாளாகிவிட்டிருந்தது, ஆகவே அந்தப் போனைக் குறைசொல்ல நான் தயாரில்லை. ஆனால் ஒரு பெப்பேயோடு காபி குடிக்கவும், ஒரு சந்தில் வழி தவறி நிற்கவும் அவர்களுக்கு நேரம் கொடுப்பார் யாரும் இல்லை. கப்பலில் எந்த நாட்டு ஜோசப்பும் ஜோதான். ஊரிலும் ஜோதான். தம்பி மகனுடைய போனில் பார்த்தேன்: ஜோ ஏசி மெக்கானிக், ஜோ டிரைவர், ஜோ பெங்களூர். நெட்டைச் சூசையும் மணிச் சூசையும் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் வேறு வேஷத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு அந்தப் போன்மேல் கொஞ்சம் பிரியமே வந்துவிட்டது.

அதே பையன்தான் ராத்திரி கண்விழித்துப் பந்தாட்டம் பார்ப்பான். 2011 வாக்கில் ஸ்பெயினில் ஒரு பக்கம் கார்டியோலா, ஒரு பக்கம் மொரீன்யோ, இரண்டு பயிற்சியாளர்களும் ஆகாத பங்காளிகள். "இவன் பேர் பெப், அதாவது ஜோஸெப். அவன் ஜுஸே. ரெண்டு பேரும் சூசைதாம்லே" என்றேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். "பெரியப்பா, அப்ப நம்ம தாத்தா பேரா?" என்றான். ஆட்டம் முடிகிறவரை அந்த இருவரையும் நெட்டைச் சூசை, கருத்தச் சூசை என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவனுடைய அக்காவுக்குச் சென்னையில் போன மாதம் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. ஜோயல், ஜோஷ்வா, ஜெரோம் என்று அவள் ஒரு நீளமான பட்டியல் வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். "பெரியப்பா, சூசைன்னே வச்சிரலாம்னு இருக்கேன். ஆபீஸ்ல மட்டும் நாலு ஜோ இருக்காங்க. சூசை ஒருத்தர்கூட கெடையாது" என்றாள். ஒரு தெருவே சுமந்த பெயர் யாருக்கும் இல்லாத பெயராகி, அதனாலேயே மறுபடி ஒரு தொட்டிலுக்கு வருகிறது என்றால் நான் என்ன சொல்ல? மருமகன் தமிழ் படித்தவர், அவருக்கு வளன்மேல் ஆசை. வளன் சூசை என்று இரண்டையும் வைப்பது என்று முடிவாகிவிட்டது; கூட்டித் தரட்டும் என்பதையே இரண்டு தடவை கேட்பது ராகேலுக்கு நிச்சயம் பிடிக்கும். குழந்தையின் பெரிய பாட்டி மட்டும் "ஏலே சூசைன்னு எப்படி வைய?" என்று கேட்டிருக்கிறாள், அவளுடைய மாமனார் பெயர் அல்லவா. இனி பாக்கி இருப்பது பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். ஆங்கிலத்தில் இரண்டு 'ஓ' போட்டால்தான் சூ என்று நீட்டிப் படிப்பார்கள் என்கிறாள் தம்பி மகள். எங்கள் கோயில் பக்கத்து ஆட்கள் எல்லாரும் ஒரே ஒரு 'யூ' போட்டுத்தான் எழுதிவந்தார்கள் என்கிறேன் நான். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடிப் பேசுவதாக இருக்கிறோம்.